ஏழாவது ரீல்

ஓடுகிற படத்தை நடுவில் நிறுத்தினால் பிலிம் வெந்துவிடும். மெஷின் ரூமுக்குள் கால் வைக்கிற எவனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. ஒன்பது வருஷம் மெஷின் ஓட்டிய நான், ஒரு பெற்றவள் கேட்டாள் என்று நிறுத்தினேன். அது கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் ஒரு நல்ல மனுஷனை ஊரை விட்டுத் துரத்தப் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் பேர் கருணாகரன். பிறந்தது வியாசர்பாடி. ராயபுரத்துக்கு வடக்கே, திருவொற்றியூர் போகிற சாலையோரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் நான் ஆபரேட்டர். பக்கத்துக் குப்பத்தில் பவுனம்மாள் வீட்டின் ஓரமாக ஓர் அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் போய்விடும்.

பவுனம்மாள் மீன் கூடைக்காரி. காசிமேட்டிலிருந்து கூடையைத் தலையில் ஏற்றினால் வண்ணாரப்பேட்டை வரைக்கும் ஒரே நடை. வாய் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அவளுக்கு ஒரே மகன் திருமலை. மருமகள் மலர்க்கொடி, அப்போது ஐந்து மாசம். திருமலையும் அவன் பெரியப்பா மகன் குமாரவேலும் ஒரே கட்டுமரத்தில் போவார்கள்.

அந்த ஐம்பத்து மூன்றாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை, எதிரே நிற்கிறவன் மூஞ்சி தெரியாத அளவுக்குப் பனி. இரண்டு பேரும் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உச்சிப் பொழுதுக்கு மரம் திரும்பி வந்தது. மேலே குமாரவேல் மட்டும் இருந்தான். உதடு வெளுத்து, கண் இரண்டும் உப்பில் வெந்துபோயிருந்தது. பெரிய அலை ஒன்று மரத்தைப் புரட்டியது, எழுந்து பார்த்தபோது தம்பியைக் காணவில்லை என்று சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. குப்பமே அவனைக் கட்டிக்கொண்டு அழுதது. கடலுக்குப் போகிற ஜனத்துக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்கு முப்பதாம் நாள் வைக்கோலில் ஓர் ஆள் செய்து, அவன் சட்டையைப் போட்டு, அவன் துடுப்பை நெஞ்சில் வைத்து எரிப்பது அவர்கள் வழக்கம். அதுவரை பெண்டாட்டி கழுத்தில் தாலி இருக்கும். அதுவரை அவன் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை. மலர்க்கொடி ராத்திரியும் பகலும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருப்பாள். புடைத்ததையே திரும்பப் புடைப்பாள். அந்தச் சத்தம் தட்டி வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இருபதாம் நாளோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கொட்டகைக்கு ஐஸ் படம் வந்தது.

அது ஓர் இங்கிலீஷ் படம். நோட்டீசில் தமிழில் என்னவோ பேர் அடித்திருந்தார்கள். குப்பத்து ஜனம் வைத்த பேர் ஐஸ் படம்தான். பேசுவது ஒரு எழுத்தும் புரியாது, எனக்கும்தான். ஆனால் கதை புரியும். ஒரு பனிமலை. மலைமேல் ஒற்றை வீடு. வீட்டுக்காரன், அவன் பெண்டாட்டி, அவன் தோஸ்து. ஆண்கள் இரண்டு பேரும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். தோஸ்து மட்டும் திரும்பி வருவான். அவன் கையில் செத்தவனுடைய கையுறை. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு போலீஸ்காரன் வந்து துருவுவான். கடைசியில் அந்தத் தோஸ்தை இழுத்துக்கொண்டு போவார்கள். பெண்டாட்டி ஜன்னலில் நிற்பாள். வெளியே பனி கொட்டிக்கொண்டே இருக்கும்.

பாட்டும் கூத்துமாகப் படம் பார்த்துப் பழகிய ஜனத்துக்கு அந்த வெள்ளையே பயமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் ஐஸ் கம்பெனியில் மரத்தூள் மூடிக் கிடக்கிற கட்டிதான். ஒரு ஊர் முழுக்க, மரம் மட்டை வீடு வாசல் எல்லாம் ஐசாகக் கிடக்கும் என்று யார் கண்டார்கள்? அந்தப் படத்தில் பாட்டு கிடையாது. காற்று ஊளையிடுகிற சத்தம் மட்டும் வரும். தகரக் கூரை மூன்று மணி வெயிலில் கொதித்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதை நான் மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

முதல் ஆட்டம் மேட்னி. மேட்னி என்றால் எங்களுக்குப் பெரும்பாலும் பொம்பளைக் கூட்டம்தான், மீன் விற்றுவிட்டு நேராக வருகிறவர்கள். ஏழாவது ரீல் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நேரத்துக்குத்தான் பவுனம்மாள் எனக்குச் சோற்றுத் தூக்கோடு வருவாள். வாடகையோடு மத்தியானச் சோறும் என்று பேச்சு. மகன் போன துக்கத்திலும் அவள் அதை நிறுத்தவில்லை.

தூக்கை வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, உப்பளமா?"

"பனிம்மா. அந்த ஊர்ல இப்டித்தான் பெய்யும்."

"நம்ம ஐஸ் கம்பெனி மாறிக் கீது."

அந்த நேரத்தில்தான் திரையில் முகம் வந்தது. பனிக்கடியில் கிடக்கிற வீட்டுக்காரனின் முகம். கண் திறந்திருக்கும். மீசையெல்லாம் வெள்ளை. பவுனம்மாள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நிறுத்து."

"நிறுத்தக் கூடாதும்மா, வெந்துரும்."

"நிறுத்துடா. நெத்தியப் பாரு. என் புள்ளடா அது. ஒரே ஒரு தபா, நல்லாப் பாத்துக்கறேன். நிறுத்து நைனா."

மூன்று வாரமாக அழாத பொம்பளை அவள். என்னை நைனா என்று அதுவரை கூப்பிட்டதே இல்லை. என் கை தானாக மெஷினை நிறுத்தியது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்த முகம் திரையில் அசையாமல் நின்றது. பிறகு மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் கிளம்பி, பழுப்பாகி, ஓட்டை விழுந்து, முகமே உள்ளுக்குள்ளிருந்து பொங்கி எரிந்தது. கீழே பொம்பளைகள் கத்தினார்கள்; அதுவும் படத்தில் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பதறி இழுத்ததில் பிலிம் பல்சக்கரத்தில் மாட்டிக் கிழிந்து சுக்கலானது. எட்டாவது ரீலைப் போட்டு ஒருவழியாகப் படத்தை முடித்தேன். திரும்பிப் பார்த்தால் பவுனம்மாள் இல்லை. தூக்கு மட்டும் இருந்தது.

கொட்டகை முதலாளி ஓடி வந்தார். "ஏழாவது இல்லாமலே ஓட்டு. ரீல் வெந்துச்சுன்னு வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா அன்னிக்கே நீ வூட்டுக்குப் போவலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று சாயங்கால ஆட்டத்திலிருந்து ஏழாவது ரீல் கிடையாது.

சனி கடந்தது. சந்தில் சண்டை கிளம்பிவிட்டது.

மேட்னி பார்த்த பொம்பளைகளுக்குத் தலைவி கெங்கம்மா. கருவாடு காயப்போடுகிறவள். சாயங்கால ஆட்டம் பார்த்த ஆண்களுக்கு சுயம்பு. அவனும் கடலுக்குப் போகிறவன்தான். ஆனால் மரத்தில் இருக்கிற நேரத்தை விடக் கரையில் உதார் விடுகிற நேரம் அதிகம்.

"அவன் குட்த்தான்யா!" என்றாள் கெங்கம்மா, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே. "ரெண்டு கண்ணால பாத்தேன். வூட்டுக்காரன் கால் முறிஞ்சி கீய கெடக்குறான். எய்ந்துக்க முடில. கையொறைய பல்லால கட்ச்சி இய்த்து கய்ட்டி, 'இந்தா, நீயாச்சும் வூடு போய்ச் சேரு'ன்னு குட்த்தான். தோஸ்து அய்தான். அப்பால தான் செத்தான்."

"எப்பமே குட்த்தான்?" சுயம்பு வலையை உதறிவிட்டு எழுந்தான். "நானும் டிக்கெட்டு வாங்கித்தானே பாத்தேன்? ரெண்டு பேரு போறானுங்க. ஒரே வெள்ள. அப்பால ஒருத்தன் வர்றான். கையில செத்தவன் கையொற. நடுவால இன்னாத்த குட்த்தான்?"

"நீ தூங்கிட்டு இருந்திருப்பே."

"அந்தக் குளுர்ல எவன் தூங்குவான்? இங்க கீற அத்தினி ஆம்பளையும் தூங்கினானா? கேளு."

ஆண்கள் எல்லாரும் சுயம்பு பக்கம். ஒருத்தனும் கையுறை கொடுத்ததைப் பார்க்கவில்லை. பொம்பளைகள் எல்லாரும் கெங்கம்மா பக்கம். எல்லாரும் பார்த்தார்கள், கொடுத்தவன் பல்லில் கையுறை மாட்டியதுவரை சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது. பொய் சொல்கிறாள் என்று ஒருத்தன் கூழ்ச் சட்டியைத் தூக்கி எறிந்தான். யார் சொல்வது சரி என்று பார்க்க மறுபடி மறுபடி கொட்டகைக்கு வந்தார்கள்; மறுபடி வந்த பொம்பளைகளுக்கும் அந்தக் காட்சி தெரியவில்லை. கெங்கம்மா அன்று வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"அந்தப் படம் மாறுதுமே" என்று அவள் மெதுவாகச் சொன்னதை நானே கேட்டேன். "செத்தவன் மொதல் நாளு வந்து நெசத்த சொல்லிட்டுப் பூட்டான். நாம தான் நம்பல. இனிமே காட்ட மாட்டான்."

அதோடு சந்துக்குள் ஒரு பீதி இறங்கியது. அந்தப் படத்தில் செத்தவன் மெய்யாலுமே செத்தவன் என்றார்கள். பொம்பளைக்கு ஒன்றைக் காட்டும், ஆம்பளைக்கு ஒன்றைக் காட்டும் என்றார்கள். விடியற்காலையில் பனி மூடினால் மரம் தள்ளப் போகிறவர்கள் ஒருத்தர் பேரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆப்ரேட்டரே, நீ தான் தெனம் பாக்கறியே, குட்த்தானா இல்லியா?" என்று கேட்டார்கள். "ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும்யா" என்று சொல்லித் தப்பித்தேன். ஏழாவது ரீல் என் அறையில் டிரங்குப் பெட்டிக்குள் சுக்கலாகக் கிடந்தது.

பவுனம்மாளோ வேறு வழியில் போய்விட்டாள். படத்தை எட்டிப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. வைக்கோல் ஆள் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

"ஐஸ்ல வச்ச மீனு பத்து நாளானாலும் கண்ணு கலங்காது" என்றாள் மருமகளிடம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். "கடலுக்கு அடில குளுரும்னு அவனே சொல்வான். என் புள்ள எங்கியோ கெடாம கெடக்குறான்டி. கண்ணத் தொறந்துகினு கெடக்குறான். நெருப்பு வச்சா வெந்துருவான். நான் பாத்தேன், வெந்துருவான்."

மலர்க்கொடியின் முறம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாட்டார் மாரியப்பன் வந்து பவுனம்மாளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். குப்பத்தின் பெரிய மனுஷர் அவர். ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை காலையில் காரியம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை குமாரவேல் துடுப்பைக் கொண்டுவந்தான்.

அங்கேதான் வினை. தன் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த துடுப்பை எடுத்து வந்து பவுனம்மாள் வாசலில் சாத்தினான். அவர்கள் ஒவ்வொருத்தனும் தன் துடுப்பில் சுடுகம்பியால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வான். திருமலைக்குப் பெருக்கல் குறி. குமாரவேலுக்கு மூன்று புள்ளி. சாத்தியிருந்ததில் பெருக்கல் குறி.

சுயம்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வாரமாகக் கையுறை கையுறை என்று பேசிப் பேசிப் பழுத்த மண்டை அவனுக்கு.

"தோ பார்ரா. இது திருமலையோடதுதானே?"

"ஆமா."

"கரைக்கு வந்தப்போ இத்தத்தான் போட்டுகினு வந்தே?"

"ஆமா."

"உன்னுது எங்க?"

"போச்சு."

தண்ணீரில் இறங்கிய பிறகு துடுப்பைக் கை மாற்றக் கூடாது என்பது அவர்களுக்கு உயிரான கட்டுப்பாடு. மாற்றினால் ஆளும் மாறிப்போவான் என்பார்கள். அப்பன் மகனுக்குக் கொடுக்கமாட்டான். அப்படியிருக்கத் திருமலையின் துடுப்பு குமாரவேலின் கைக்கு எப்படி வரும்?

"பனில இட்டுகினு போனே. அவன் துடுப்போட நீ வந்தே" என்றான் சுயம்பு. குரல் தாழ்ந்து போயிருந்தது, அவனுக்கே பயம். "அந்தக் கையொற மாறியே."

குமாரவேல் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தரம் வாசற்படியைப் பார்த்தான். அங்கே மலர்க்கொடி நின்றிருந்தாள். உடனே அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"எப்டிரா வந்துச்சு?" பவுனம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "குமாரு, சொல்லு. என் புள்ள துடுப்பு உன் கைக்கு எப்டி வந்துச்சு?"

"வந்துச்சு சித்தி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் சனிக்கிழமை முற்பகல் பஞ்சாயத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குற்றம் என்று முடிவானால் குமாரவேல் மரமேறக் கூடாது, குப்பத்தில் அவனுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது. அவனுக்கு நாலு பிள்ளைகள்.

அன்று பொழுது சாய்கிற நேரம், சாயங்கால ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மலர்க்கொடி கொல்லைப்புறத்தில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற கை நின்றது.

"அண்ணாத்தே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்தப் படத்துல ஒரு பொண்டாட்டி கீறாளாமே. அவளுக்கு நெசம் தெரியுமா?"

அதுவும் சந்தில் ஒரு சண்டைதான். தெரியும் என்று பாதிப் பேர், தெரியாது என்று பாதிப் பேர்.

"தெரியும்" என்றேன். "இருவது ஆட்டம் பாத்துட்டேன். அவ கண்ணப் பாத்தாலே தெரியும்."

"கடைசில இன்னா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னலாண்ட நிக்கறா. அவன இட்டுகினு போய்டறாங்க."

கூழ் கொதித்து அவள் புறங்கையில் தெறித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"ஏன் சொல்ல மாட்டேங்கறா?"

"யாருக்குத் தெரியும்? பயமா இருக்கும்."

"ஆமா" என்றாள் மலர்க்கொடி. "பயமாத்தான் இருக்கும்."

பஞ்சாயத்து வலை உலர்த்துகிற கொட்டகையில் நடந்தது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பொம்பளைகள் பின்னால் நின்றார்கள். பொம்பளைகள் அங்கே பேசுகிற வழக்கமில்லை. குமாரவேல் நடுவில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். எத்தனையோ விதமாகக் கேட்டார்கள். "வந்துச்சு" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

"கம்முனு கீறானே, இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்றான் சுயம்பு. "படத்துலயும் இவன மாறித்தான் ஒருத்தன் கம்முனு நின்னான்."

"படத்துல குட்த்தான்னு ஒரு கூட்டம் சொல்லுதே" என்றார் நாட்டார். நியாயஸ்தர் அவர். கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "ஆப்ரேட்டரே, நீ வெளியாளு. உனுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். கைல கீறத ஒருத்தன் சாவுறப்போ குட்ப்பானா மாட்டானான்னுதான் இப்போ பேச்சு. படத்துல குட்த்தானா?"

இருநூறு முகம் என்னைப் பார்த்தது. பொம்பளைகளுக்கு முன்னால் பவுனம்மாள் நின்றிருந்தாள், கண் என்மேல். கொடுத்தான் என்று சொன்னால் ஏன் மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று கேட்பார்கள். ரீல் வெந்ததைச் சொல்ல வேண்டும். ஏன் வெந்தது என்று சொல்ல வேண்டும். துக்கத்தில் இருக்கிறவள் படம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் இப்போது நியாயம் பேசுகிறேன். உண்மையில் அன்று எனக்கு என் வேலை ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே நாட்டாரே" என்றேன்.

கூட்டம் சிரித்தது. குமாரவேல் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தேன். என் காது சுட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து மலர்க்கொடி நடந்து வந்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறிக்கொண்டு வந்தாள். ஆண்கள் வட்டத்துக்குள் வந்து நின்று தரையைப் பார்த்துப் பேசினாள்.

"துடுப்ப எட்த்துக் குட்த்தது நானு."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"எப்பவும் அத்ததான் எட்த்துகினு போய்க் குட்க்கும். அன்னிக்கு அத்தைக்கு ஜொரம், கண்ணத் தொறக்கல. அவரு அலையாண்ட நின்னுகினு துடுப்பு துடுப்புன்னு கத்தறாரு. ரெண்டும் எங்க செவுத்துலதான் சாத்திக் கெடந்துச்சி. நான் எட்த்துகினு ஓடினேன். பனில யாரு இன்னான்னு தெரில. மொதல்ல நீண்ட கையில ஒண்ணத் திணிச்சேன். அப்பறம் ஒரு கை வந்துச்சி, அதுல ஒண்ண வச்சேன். அதுக்குள்ள தண்ணில எறங்கிட்டாங்க. மொதக் கை குமாரு மாமாவோடது. துடுப்பு மாறிப் போச்சி."

அவள் குமாரவேலைப் பார்த்தாள். "அவருக்கு அப்பவே தெரியும். வெரல் வச்சாத் தெரிஞ்சிடும். எம்மேல பயி வரக் கூடாதுன்னு சொல்லாம நிக்கறாரு."

வயிற்றில் பிள்ளை உள்ளவள் துடுப்பையோ வலையையோ தொடக் கூடாது. தொட்டால் கடல் அதற்குப் பதிலாக ஓர் ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தக் குப்பத்தில் மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். புருஷனைத் தானே கொன்றேன் என்று அவள் ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டாள்.

"இன்னாத்துக்குமே சொன்னே?" என்றான் குமாரவேல். அன்றுதான் அவன் குரல் உடைந்தது. "நான் எங்கியாவது போய்ப் பொயச்சினு இருப்பேன்ல?"

பிறகு சுயம்பு பக்கத்திலிருந்து யாரோ, "மூத்தாரக் காப்பாத்தப் பொய் சொல்லுதோ இன்னாவோ" என்றான். இன்னொருத்தன், "இல்லடா, எவ இந்தப் பொய்யச் சொல்லுவா?" என்றான். கண்ணெதிரே கூட்டம் மறுபடி இரண்டாகப் பிளந்தது. ஐஸ் படத்துக்குப் பிளந்த மாதிரியே, இங்கே பாதி அங்கே பாதி.

பவுனம்மாள் மருமகளுக்கு முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு மாசத்தோட தொட்டியாடி?" என்று கேட்டாள்.

"தொட்டேன்."

பவுனம்மாள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் மலர்க்கொடி கொல்லைப்புறத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மா கொடுத்த கூழ் ஆடை கட்டிக் கிடந்தது. எந்த முடிவும் சொல்லாமல் நாட்டார் பஞ்சாயத்தை மறுநாள் காரியத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்.

ஞாயிறு விடிந்தபோது பனியென்றால் அப்படி ஒரு பனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. மணலில் வைக்கோல் ஆள் திருமலையின் சட்டையோடு மல்லாந்து கிடந்தது. நான் தினம் மூன்று வேளை திரையில் பார்க்கிற இடத்துக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி எனக்கு இருந்தது. காலடியில் அந்த முகம் கிடக்குமோ என்று குனிந்து பார்த்துப் பார்த்து நடந்தேன்.

எந்தத் துடுப்பை வைப்பது என்று பேச்சு நின்றுபோயிருந்தது. பெருக்கல் குறித் துடுப்பை வைத்தால் திருமலை அன்று கையில் கொண்டுபோனது அதுதான் என்றாகி, மலர்க்கொடி சொன்னது பொய்யாகும். வைக்காமல் விட்டால் ஆள் கரை சேராது. பவுனம்மாள் வைக்கோல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மலர்க்கொடி தூரத்தில் தனியாக நின்றாள். குமாரவேல் அதற்கும் அப்பால் நின்றான்.

அப்போது வெள்ளைக்குள்ளிருந்து துடுப்புப் போடுகிற சத்தம் வந்தது.

சளக், சளக் என்று ஒற்றைத் துடுப்பு. மரம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கிட்டே வந்தது. கெங்கம்மா "அய்யோ" என்று என் கையைப் பிடித்தாள். சுயம்பு இரண்டடி பின்னால் போனான். பவுனம்மாள் மட்டும் எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.

"திருமல?" என்றாள்.

"மூணு புள்ளி யாரு வூட்டுத் துடுப்பு?" என்று பதிலுக்கு ஒரு குரல் கேட்டது.

எண்ணூர்க்காரர் பரசுராமன். மரத்தைக் கரையில் ஏற்றிவிட்டு இறங்கினார். எவன் துடுப்பு வலையில் மாட்டினாலும் அதை அவன் குப்பத்தில் சேர்க்காமல் தொழிலுக்குப் போவதில்லை என்பதும் அவர்கள் வழக்கம்தான். "மொகத்துவாரத்தாண்ட நேத்து வலைல மாட்டுச்சி. கரை கரையா கேட்டுகினு வர்றேன்" என்று மரத்திலிருந்து ஒரு துடுப்பை எடுத்து நீட்டினார். பாசி பிடித்திருந்தது. அடையாளம் மட்டும் தெளிவாக இருந்தது. மூன்று புள்ளி.

துடுப்பின் கழுத்தில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு இறுகக் கட்டியிருந்தது. கட்டின முனையில் ஒரு கண்ணி, ஒரு மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு. கண்ணி காலியாக இருந்தது. கயிற்றில் செப்புத் தாயத்து ஒன்று தொங்கியது. அதைக் கட்டிவிட்டவள் பவுனம்மாள்தான், எல்லாருக்கும் தெரியும்.

குமாரவேல் வந்து முடிச்சைத் தடவிப் பார்த்தான். "ஒத்தக் கையால போட்ட முடிச்சு" என்றான். "பல்லால இய்த்து முடிஞ்சிகிறான். மரம் பொரண்ட அப்பால போட்டது." மணலில் உட்கார்ந்துவிட்டான். சுயம்பு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

பவுனம்மாள் துடுப்பை வாங்கிக்கொண்டாள். கயிற்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், மீன் வாங்கும்போது முகர்வது போலவே. பிறகு வைக்கோலைத் தாண்டி மருமகளிடம் நடந்தாள்.

"புடி."

மலர்க்கொடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"புடிடீ. நீ குட்த்ததத்தாண்டி என் புள்ள கையில கட்டிகினு இருந்துகிறான். இது மெதந்த வரிக்கும் அவனும் மெதந்துருப்பான். வூடு வந்துடலாம்னு பாத்துருப்பான். நீயே வச்சிட்டு வா."

"அத்தே, வயித்துல..."

"வயித்துல கீறதும் சேத்துப் புடிக்கட்டும்."

மலர்க்கொடி இரண்டு கையாலும் வாங்கினாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நடந்து போய் அதை வைக்கோல் நெஞ்சின்மேல் வைத்தாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். ஒரு மாசத்து அழுகை. குமாரவேல் நெருப்பு வைத்தான். பனிக்குள் அது பழுப்பாகக் கிளம்பி முகத்தில் ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடினபடியே நாட்டாரிடம் சொல்லிவிட்டேன். "நாட்டாரே, படத்துல அவன் குட்த்தான். ஏழாவது ரீல்ல கீது. நான்தான் வேக வச்சிட்டேன். நேத்தே சொல்லிருக்கணும்."

நாட்டார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் பவுனம்மாளிடமிருந்துதான் வந்தது, நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிறுத்தச் சொன்னது நானு. எனுக்குத் தெரியாதா இன்னா? நானுந்தான் கம்முனு இருந்தேன்."

அன்று மேட்னியில் வழக்கமான நேரத்துக்குச் சோற்றுத் தூக்கோடு வந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நான் தின்று முடிக்கிறவரை காத்திருந்தாள். கீழே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.